பூஜையில் வைத்த பெட்டி

எல்லைக் காவல் முகாம், லடாக்
15.6.2025

அன்புள்ள மாப்ள அழகுபாண்டிக்கு,

மச்சான் வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே நீயும் கனகாவும், உன் அக்கா பாண்டீஸ்வரியும் என் மகள் திவ்யாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

முகாம் போன் எப்போதாவதுதான் முறைக்கு வருகிறது. அந்தச் சில நிமிடமும் உன் அக்கா பேசுவதற்கே காணாது. அதனால் உனக்கு இனிமேல் காகிதம்தான்.

என்னோடு படித்த செட்டு ஆட்கள் சேர்ந்து நம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெட்டி வந்துவிட்டதா? துடிப்பு தடுமாறி விழுந்தவனுக்கு மின்சாரம் கொடுத்து இதயத்தை மறுபடி ஓடவைக்கிற கருவி அது. போன வருஷம் இங்கே ஒரு ஹவில்தார் சமையல் கூடத்தில் அப்படியே சரிந்தார். பெட்டி பக்கத்துச் சுவரிலேயே தொங்கியது. இப்போது அவர் ஓய்வு பெற்று, ஊரில் எருமை வாங்கியிருக்கிறேன் என்று எனக்குக் கடிதம் போடுகிறார். அதைப் பார்த்த பிறகுதான் நம் ஆட்களை நச்சரித்து வாங்க வைத்தேன்.

பி.டி. வாத்தியார் நீதான். நீயும் அறிவியல் வாத்தியார் இம்மானுவேலும் பழகிக்கொண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். திவ்யாவை மட்டும் விட்டுவிடு. கோழி அறுத்தாலே கொல்லைக்கு ஓடுகிற பிள்ளை. அவளுக்கு இந்தச் சாவுப் பாடம் வேண்டாம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மச்சான்
வெள்ளைத்துரை

*

கொடிக்கால்பட்டி, சோழவந்தான் வழி
2.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அழகுபாண்டி வணக்கம். வீட்டில் அனைவரும் நலம். வெற்றிலைக் கொடிக்கு இந்த வருஷம் தண்ணீர் தாராளம். உங்கள் குளிரில் கொஞ்சத்தைப் பார்சல் கட்டி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

பெட்டி வந்துவிட்டது. தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி மேடம் விழாவே எடுத்துவிட்டார். சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் வரவில்லை. வாங்கிவைத்த பொன்னாடையை என்ன செய்வது என்று யோசித்து, பெட்டிக்கே போர்த்திவிட்டார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெட்டி பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.

எனக்குத்தான் கொஞ்ச நாளாக வாயுத் தொந்தரவு. மைதானத்தில் ஒரு சுற்று ஓடினால் நெஞ்சுக்கு நடுவில் வந்து அடைக்கிறது. நின்று ஏப்பம் விட்டால் இறங்கிவிடுகிறது. கனகா ஓமத்தண்ணீர் வைத்துத் தருகிறாள். கபடிப் பிள்ளைகள் எனக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நாற்பத்தி நாலு ஒரு வயதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அழகுபாண்டி

*

லடாக்
24.7.2025

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கண்டேன். நான் சுகம்.

பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம் பள்ளிக்கூடத்தில் பத்திரம் என்றால் பீரோவுக்குள் என்று அர்த்தம். பீரோவுக்குள் என்றால் சாவி மேடத்தின் கைப்பைக்குள், கைப்பை மேடத்தோடு மதுரை மீட்டிங்கில். நான் படித்தபோது வாங்கிய புது வாலிபாலை, நான் பள்ளியை விட்டுப் போகும்வரை பத்திரமாகத்தானே வைத்திருந்தார்கள்? விழுந்தவன் சாவி வரும்வரை காத்திருக்க மாட்டான். சில நிமிடத்துக்குள் பெட்டி பக்கத்தில் வர வேண்டும். வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் மாட்டுங்கள். பூட்டு வேண்டாம். மேடம் சம்மதிக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அடுத்த சமாசாரம். ஓடினால் ஏறி, நின்றால் இறங்குகிற வாயுவை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஹவில்தாரும் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மரியாதையாக ஒரு டாக்டரைப் பார்.

திவ்யாவுக்கு என் முத்தம்.

மச்சான்

*

கொடிக்கால்பட்டி
12.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க அழகரை வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னது சரிதான், பீரோவுக்குள்தான் இருந்தது. கடிதத்தைக் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "களவு போனா யாரு சார் பதில் சொல்றது?" என்றார். பக்கத்தில் இருந்த இம்மானுவேல் சார் சும்மா இருக்கவில்லை. "ஆளு போனா யாரு மேடம் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டார். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் ஆணி, சுத்தியலோடு ஆளை வரவழைத்து, தானே நின்று வராந்தாச் சுவரில் மாட்ட வைத்தார். இப்போது தினமும் பிரேயர் முடிந்ததும் பச்சை விளக்கு மினுக்குகிறதா என்று முதல் ஆளாகப் போய்ப் பார்க்கிறவரும் அவர்தான்.

பெட்டி இங்கிலீஷில் பேசுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் என்ன என்று கபடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நான் திடீர் திடீரென்று மைதானத்தில் விழுவேன். அவர்கள் ஓடிவந்து சோதிக்க வேண்டும். நெஞ்சை அமுக்குகிற பயிற்சியை மட்டும் தலையணையில் செய்கிறோம். திவ்யாவைச் சேர்க்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள், அவ்வளவுதான்.

டாக்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சோழவந்தான் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். பரவாயில்லை.

உங்கள்
அழகுபாண்டி

*

லடாக்
5.9.2025

மாப்ள,

நலம். நலம் கேட்கிற கேள்வியை இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

பெட்டி சுவருக்கு வந்தது பெரிய நிம்மதி. மேடத்துக்கு என் சல்யூட்டைச் சொல். ஆனால் நீ மருந்துக்கடைக்காரரை எப்போது டாக்டர் ஆக்கினாய்? ஊருக்கெல்லாம் இதயப் பாடம் எடுக்கிறாய். உன் நெஞ்சை மட்டும் ஓமத்தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாய். ஒரு இ.சி.ஜி. எடுக்க அரை மணி நேரம் ஆகுமா? நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் வழியெல்லாம் ஆஸ்பத்திரிதானே.

எடுத்துவிட்டு எழுது. எடுக்காமல் எழுதாதே.

மச்சான்

*

கொடிக்கால்பட்டி
24.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். நீங்கள் கோபமாக இருந்தாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எடுக்காமல்தான் எழுதுகிறேன், திட்டாதீர்கள். காலாண்டுத் தேர்வு நடக்கிறது, ஒரு நாள் லீவு கேட்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. மறுநாளே விடுமுறை. விடுமுறையில் கட்டாயம் இ.சி.ஜி. எடுத்துவிடுகிறேன், சத்தியம்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் சேர்த்து வைக்கிறோம். பந்து, விசில், சோதனைக் குழாய், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மேடம் சுவரில் இருந்த பெட்டியையும் பூஜைக்குக் கேட்டார். நான் தயங்கி இழுத்தேன். "உசுரு காக்குற ஆயுதம் சார் அது. அதை வைக்காம வேற எதை வைக்கிறது?" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். விஜயதசமி அன்று மேடம் வந்து எடுப்பார். விடுமுறைதானே, யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது.

பந்து எறிந்து எறிந்து இடது கை ஒரே கடுப்பு. தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

உங்கள்
அழகுபாண்டி

*

லடாக்
2.11.2025

அன்புள்ள மாப்ள,

நான் நலம். பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

பூஜை போய், தீபாவளியும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் வண்டி வரும்போதெல்லாம் நான் போய் நிற்பதைப் பார்த்து, புதுமாப்பிள்ளையா என்று பையன்கள் கிண்டல் செய்கிறார்கள்.

போனில் உன் அக்காவிடம் கேட்டேன். "நல்லாருக்கான், நல்லாருக்கான்" என்று இரண்டு முறை சொன்னாள். கல்யாணமான நாளாக உன்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒரு முறைகூட அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. திவ்யாவைக் கூப்பிடச் சொன்னால், படிக்கிறாள் என்கிறாள். படிக்கிற பிள்ளை அப்பாவோடு பேசாதா?

உன் கையால் நாலு வரி எழுது. இ.சி.ஜி.யைப் பற்றிக்கூட எழுத வேண்டாம். எழுது, போதும்.

மச்சான்

*

கொடிக்கால்பட்டி
14.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். கையில் சுளுக்கு. அதனால் நான் சொல்லச் சொல்லத் திவ்யா எழுதுகிறாள். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு நல்ல சேதி. நீங்கள் அனுப்பிய பெட்டி வேலை செய்தது. பூஜை முடிந்த அன்று சாயங்காலம் மைதானத்தில் ஒரு ஆள் மயங்கி விழுந்துவிட்டார். பெட்டி பூஜையில் இருந்ததால் கொஞ்சம் தாமதம். ஆனால் கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டி மின்சாரம் கொடுத்தது. அந்த ஆள் பிழைத்து, ஆஸ்பத்திரியில் இருந்து, வீட்டுக்கும் வந்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். காலை மாலை நடக்கிறார். உப்பில்லாமல் சாப்பிடுகிறார், அதுதான் கஷ்டம் என்று சொன்னார்.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள்
அழகுபாண்டி

*

லடாக்
30.11.2025

அன்பு மகள் திவ்யாவுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமா?

இந்தக் கடிதம் உன் மாமாவுக்கு இல்லை. அதை எழுதிய கைக்கு. அந்த ஆள், அந்த ஆள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஆளுக்குப் பேர் இல்லையா? சாயங்காலம் மைதானத்தில் கபடிப் பிள்ளைகளையும் விசிலையும் தவிர யார் இருப்பார்கள்? உன் மாமாவுக்கு நிஜமாகவே சுளுக்கு என்றால் கடிதம் முழுக்க அந்தச் சுளுக்கைப் பற்றித்தான் இருக்கும்.

அவன் பிழைத்துவிட்டான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. உப்பில்லாத சாப்பாட்டுக்குப் புலம்புகிற ஆள் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அந்த வரியைப் படித்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தப் பனியில் என்னால் உட்கார முடியவில்லை. நான் பட்டாளத்துக்காரன், தாங்குவேன். அம்மாவிடம் கேட்காமல், மாமாவிடம் காட்டாமல், நீயே எழுது.

உன்
அப்பா

*

கொடிக்கால்பட்டி
11.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

திவ்யா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாமாவும் நலம். மூன்றும் உண்மை.

விழுந்தது மாமாதான். எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷனுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று அம்மா எங்கள் எல்லோரிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். உங்களோடு பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் நான் போனுக்கு வரவில்லை.

அன்றைக்குப் பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மேடம் பூஜை அறையைச் சாத்திவிட்டார். நாங்கள் மைதானத்தில் கபடி ஆடினோம். மாமா விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அப்படியே சாய்ந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம் அப்பா. பயிற்சிக்காக அவர் அடிக்கடி அப்படி விழுவார் இல்லையா. "சார், இன்னைக்குப் பூஜை, பயிற்சி கெடையாது" என்று ஒருத்தி சொன்னாள். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அவர் உதடு தெரிந்தது. நாவல்பழம் தின்ற மாதிரி நிறம். மாமா நடித்தாலும் உதடு நடிக்காது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றதால் என்னைப் பயிற்சியில் சேர்க்கவில்லை என்று மாமா எழுதினாராம். பொய். முதல் நாளே அழுது பிடிவாதம் பிடித்துச் சேர்ந்துவிட்டேன். "உங்க அப்பனுக்கு நான் ஏதாச்சும் எழுதிக்கிறேன், நீ வா" என்றார். தலையணையை மற்ற எல்லோரையும்விட நன்றாக அமுக்கியவள் நான்தான்.

அதனால் நான்தான் அமுக்கினேன். முதலில் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கோத்து வைத்துச் சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினேன். உள்ளே ஏதோ மளுக்கென்றது. நான் நிறுத்தவில்லை. எலும்பு உடைந்தாலும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒருத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

இம்மானுவேல் சார் சுவருக்கு ஓடினார். ஆணி மட்டும் இருந்தது. பூஜை அறைக்கு ஓடினார். சரஸ்வதி படத்துக்குக் கீழே பெட்டி மாலை போட்டுக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு இருந்தது. "நாம தொட்டா தப்பாயிருமோன்னு ஒரு நிமிசம் கை நின்னுருச்சும்மா" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதார். பின்னாலேயே மேடம் வந்துவிட்டார். "என்ன சார் நிக்கிறீக, தள்ளுங்க" என்று சொல்லி, "ஆத்தா, பொறுத்துக்க" என்று ஒரு கும்பிடு போட்டு, தானே பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். மேடம் வேகமாக நடந்தே நாங்கள் பார்த்ததில்லை. செருப்பில்லாமல், புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வழியெல்லாம் பூவும் பொரியும் கொட்டியது.

பெட்டி இங்கிலீஷில் பேசப் பேச, நான் அமுக்கிக்கொண்டே தமிழில் கத்தினேன். இம்மானுவேல் சார் மாமாவின் சட்டையைக் கிழித்து, பெட்டியில் இருந்த ஒட்டுப்பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டினார். "யாரும் தொடாதீக, தள்ளி நில்லுங்க" என்று கத்திவிட்டு நானும் கையை எடுத்தேன். மாமா உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பெட்டி மறுபடி அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை மெதுவாக வந்து என் கையைத் தள்ளியது. "வலிக்குதுடி, விடு" என்றார். மேடம் மண்ணிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வாயு இல்லையாம், ரத்தக் குழாய் அடைப்பாம். இப்போது அவர் நடக்கிறார், பேசுகிறார், எல்லோரையும் கிண்டல் செய்கிறார். போன கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல 'ஒரு ஆள்' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காகிதத்தில் ஒரு இடம் நனைந்திருந்தால் அது மழை இல்லை.

கோபிக்காதீர்கள் அப்பா. பொங்கலுக்கு வாருங்கள்.

உங்கள்
திவ்யா

*

லடாக்
24.12.2025

அன்புள்ள மாப்ள,

நான் இப்போதுதான் நிஜமாகவே சுகம்.

மகள் கடிதத்தைக் காவல் கூண்டில் நின்று படித்தேன். படித்துவிட்டு அழுதேன். இந்த ஊர்க் குளிரில் அழக்கூடாது, கன்னம் உறைகிறது. பக்கத்தில் இருந்த பஞ்சாபி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டான். என் மகள் என் மச்சினனைக் காப்பாற்றிவிட்டாள் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். முகாம் முழுக்கச் சொல்லி, சமையல்காரரைத் தொல்லை பண்ணி கேசரி கிண்ட வைத்துவிட்டேன்.

கோழியைப் பார்த்து ஓடுகிற பிள்ளை என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. என்னிடம் பொய் எழுதியதற்கு உன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. திவ்யாவைச் சேர்க்காதே என்ற என் பேச்சை நீ மட்டும் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்? ஆனால் இ.சி.ஜி. எடுக்காததற்குப் பாக்கி இருக்கிறது. நேரில் வாரேன்.

லீவு கிடைத்துவிட்டது. போகிக்கு முந்தி வீட்டில் இருப்பேன். பெட்டிக்குப் புது ஒட்டுப்பட்டைகள் அனுப்பச் சொல்லிவிட்டேன், மாட்டிவிட்டார்களா என்று பார்.

மச்சான்

*

கொடிக்கால்பட்டி
2.1.2026

அன்புள்ள மச்சானுக்கு,

என் கையெழுத்துத்தான், நன்றாகப் பாருங்கள். சுளுக்கு போய்விட்டது, இருந்தால்தானே. வீட்டில் எல்லோரும் நலம். நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும். நான் சொல்வது பீரோப் பத்திரம் இல்லை.

ஒட்டுப்பட்டைகள் வந்து மாட்டியாகிவிட்டது. பெட்டி பழையபடி சுவரில் இருக்கிறது. பொட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். பச்சை விளக்கை மறைக்காமல் ஓரமாக வைத்திருக்கிறார்கள். விஜயதசமி அன்று மேடம் மறுபூஜை செய்யும்போது பெட்டி இருந்த இடம் காலியாக இருந்ததாம். அந்தக் காலி இடத்துக்கும் சூடம் காட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குத் திருநீறு பூசினார். "வர்ற வருசம் பெட்டி எடத்தை விட்டு அசையாது சார். அது சாமிகிட்ட வர வேணாம். நாம சூடத்தை எடுத்துக்கிட்டு அதுகிட்ட போவோம்" என்றார்.

திவ்யாவை இப்போது எல்லா வகுப்புக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். என்னை உதாரணமாகப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறாள். விழுந்து காட்டச் சொன்னார்கள். அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் நான் விழுந்தால் நிஜம்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

நடுவில் ஒன்றரை மாதத்துக்கு மேல் உங்களுக்கு எழுதாமல் இருந்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. படுக்கையில் கிடந்து பல முறை மனசுக்குள் எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'மச்சான், நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்' என்று தொடங்கும். அதற்கு மேல் ஓடாது. இப்போது எழுதிவிட்டேன்.

ஒரு குறைதான் மிச்சம். உங்கள் மகள் என் விலா எலும்பில் இரண்டை உடைத்துவிட்டாள். நெஞ்சு சரியாகிவிட்டது, எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. மார்கழிப் பனிக்குத் தினமும் தும்மல் வருகிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் விலாவில் சுருக்கென்று பிடிக்கிறது. கனகா மருந்து தேய்க்க ஓடி வருகிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அது வலிக்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது மச்சான்.

சீக்கிரம் வாருங்கள். வந்ததும் கட்டிப்பிடிக்காதீர்கள், கையை மட்டும் கொடுங்கள்.

உங்கள்
அழகுபாண்டி